சம்பா நெல்லுக்கு மேலுரம்: மண்வள அட்டையைப் பார்ப்பதா, பயிரைப் பார்ப்பதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர், ஆற்றுப்பாசனம், களி மண். சிஆர் 1009 சப் 1 நெல் ரகம் நட்டு 25 நாள் ஆகிறது. அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போட்டேன். பயிர் இப்போது வெளுத்துத் தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த மண்வள அட்டையில் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) 224 (குறைவு), மணிச்சத்து (பாஸ்பரஸ்) 34 (அதிகம்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) 310 (அதிகம்), கார அமில நிலை 8.2, துத்தநாகம் 0.7 என்று இருக்கிறது. உரக்கடையில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியும் ஒரு மூட்டை யூரியாவும் போடச் சொல்கிறார்கள். போடலாமா? இல்லை, இப்போதே மண் எடுத்து சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு செய்யலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மண் அனுப்ப வேண்டாம். டிஏபி வேண்டவே வேண்டாம். யூரியா போடுவதா, எவ்வளவு போடுவது என்பதை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்து இந்த வாரமே முடிவு செய்யலாம். ஆனால் அதற்கும் முன்னால், இந்த வெளுப்பு துத்தநாகக் குறையா என்று வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் மண்வள அட்டையில் எனக்கு உறுத்துவது தழைச்சத்து எண் இல்லை, துத்தநாகத்தின் அந்த 0.7 தான்.

மண்வள அட்டை நல்ல கருவி. அதை நான் குறைத்துப் பேசவில்லை. 2015 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியதிலிருந்து கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று பன்னிரண்டு விவரம் விவசாயி கைக்கு வருகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. கார அமில நிலை, மணிச்சத்து, துத்தநாகம் எல்லாம் மெதுவாக மாறுகிறவை. மூன்று வருஷ அட்டை என்றாலும் அவை ஏறக்குறைய உண்மையைத்தான் சொல்லும். தழைச்சத்து அப்படி இல்லை. அது வாரத்துக்கு வாரம் மாறும்.

சோதனைக்கூடத்தில் தழைச்சத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் காரணம் புரியும். நீங்கள் அனுப்பிய மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறார்கள். பிறகு கார பெர்மாங்கனேட் கரைசலில் கொதிக்கவைத்து, வெளிவரும் அம்மோனியாவை அளக்கிறார்கள். மண்ணில் இருக்கும் அங்ககப் பொருளில் ஒரு பங்கு உடைந்தால் எவ்வளவு தழைச்சத்து வரும் என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. ஆனால் உங்கள் வயலில் நடப்பது வேறு. தண்ணீர் கட்டி உழுத சேற்றில், காய்ந்த மண்ணில் இருந்த நைட்ரேட் எல்லாம் சில நாளிலேயே வாயுவாகப் போய்விடும். அதற்குப் பிறகு அங்ககப் பொருள் மக்கி, அம்மோனியமாக எவ்வளவு வெளிவருகிறது என்பது வெயில், தண்ணீர், முன்பு தக்கைப்பூண்டு மடக்கி உழுதீர்களா, தாளை எரித்தீர்களா என்று பல விஷயத்தைப் பொறுத்தது. ஏப்ரலில் எடுத்த காய்ந்த மண் நவம்பர் சேற்றைப் பற்றி அவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. இன்னொன்று, தமிழ்நாட்டு மண்ணில் பெரும்பாலான அட்டைகளில் தழைச்சத்து ‘குறைவு’ என்றுதான் வரும். எல்லாருக்கும் ஒரே விடை வந்தால் அதை வைத்து உங்கள் வயலுக்கு என்று என்ன முடிவு எடுக்க முடியும்?

இப்போது சேற்று மண்ணை அள்ளி அனுப்பினால் அது காய்ந்து, வரிசையில் நின்று, முடிவு வருவதற்குள் தூர் கட்டும் (பக்கத் தண்டுகள் வெடிக்கும்) பருவம் முடிந்திருக்கும். அடியுரத்தையும், சுண்ணாம்பா ஜிப்சமா என்பதையும், நுண்ணூட்டத்தையும் முடிவு செய்ய மண் பரிசோதனை. தழைச்சத்து மேலுரத்தை முடிவு செய்யப் பயிர். நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

டிஏபி விஷயத்துக்கு வருகிறேன். டெல்டாவில் இது ஆண்டுக்கு ஆண்டு பணத்தைக் கரைக்கிற பழக்கம். 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. ஏக்கர் கணக்கில் மணிச்சத்து சுமார் 20 கிலோ. நீங்கள் அடியுரமாகவே 23 கிலோ போட்டுவிட்டீர்கள். அதுவும் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்த மண்ணில். மண்ணில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் போனாலே அதிகம், உங்களுக்கு 34. போதாததற்கு, தண்ணீர் கட்டிய மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து தானாகவே இளகி வரும். அதனால் அதே மண்ணில் புஞ்சைப் பயிருக்குத் தேவைப்படும் அளவு நெல்லுக்குத் தேவைப்படுவதில்லை. மேலே தூவிய மணிச்சத்து மண்ணில் நகர்ந்து வேருக்குப் போவதும் குறைவு.

‘மேலுரமாக டிஏபி போட்டதும் பயிர் கருகருவென்று பச்சை கட்டியதே’ என்று பலர் கேட்பார்கள். கட்டும். அந்தப் பச்சையைக் கொடுத்தது மூட்டைக்குள் இருந்த 9 கிலோ தழைச்சத்து. அதே 9 கிலோ 20 கிலோ யூரியாவில் கிடைக்கிறது. இரண்டின் விலையையும் நீங்களே வைத்துப் பாருங்கள். (உளுந்து, பயறுக்கு 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பது வேறு விஷயம். அது இலைவழி ஊட்டம், பூக்கும் பருவத்துக்கானது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இனி வெளுப்பு. வரப்பில் நின்று பார்த்தால் எல்லா வெளுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வயலின் நடுவில் இறங்கி, நாலைந்து இடத்தில் ஒரு குத்தை (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்தை) பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில் மஞ்சளாகும், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக இறங்கும். குருத்து இலை ஓரளவு பச்சையாகவே இருக்கும். வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வெளுக்கும். கந்தகக் குறை என்றால் இளம் இலைதான் முதலில் வெளிறும். துத்தநாகக் குறையின் முகம் வேறு: நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வரும், வயலில் திட்டுத் திட்டாக வரும், அதிலும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அதிகம். இளம் இலையின் அடிப்பகுதியில் நடு நரம்பு வெளிறியிருக்கும். கீழ் இலைகளில் துரு ஏறியது போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பிறகு ஒன்றாகச் சேர்ந்து இலையே பழுப்பாகும். குத்து வளராமல் குட்டையாக நிற்கும், தூர் வெடிப்பது குறைவாக இருக்கும்.

வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் அது எந்த உரக்குறையும் இல்லை. காற்றில்லாத சேற்றில் உண்டாகும் வாயு வேரை அடிக்கிறது. அப்படி இருந்தால் தண்ணீரை வடித்து, மண் லேசாக வெடிக்கும் வரை காயவிட்டுப் பிறகு கட்டுங்கள். வேர் செத்த பயிருக்கு எத்தனை மூட்டை போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக் கிடந்த வயல்களில் இது சாதாரணமாக நடக்கும். ‘உரம் போட்டும் பச்சை வரவில்லை’ என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது வேரின் நிறத்தைத்தான்.

உங்கள் மண்ணில் துத்தநாகம் 0.7. நம் மாநிலத்தில் 1.2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1.2 பங்குக்கு) கீழே இருந்தால் பற்றாக்குறை என்று வைத்திருக்கிறார்கள். கார அமில நிலை 8.2, அதுவே துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தொடர்ந்து நிற்கிறது. மணிச்சத்து அதிகம், அதன் மேல் ஒரு மூட்டை டிஏபி. துத்தநாகக் குறை வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் உங்கள் வயலில் கூடியிருக்கிறது. இதில் இன்னொரு மூட்டை டிஏபி போடுவது நிலைமையை மோசமாக்கும்.

மேலே சொன்ன அடையாளம் தெரிந்தால் ஜிங்க் சல்பேட் 0.5 சதவீதமும் யூரியா 1 சதவீதமும் கலந்த கரைசலைத் தெளியுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு கிலோவும் இரண்டு கிலோவும். மாலை வெயில் தணிந்த பிறகு, இலையில் ஈரம் படியும்படி கைத்தெளிப்பானால் அடியுங்கள், பூச்சிமருந்தோடு கலக்க வேண்டாம். குறை மாறவில்லை என்றால் 15 நாள் கழித்து இன்னொரு தடவை. இந்தக் குறை வந்த பயிர் பல நேரம் தானாகவே தேறிவிடும் என்பது உண்மைதான், ஆனால் தேறுகிற குத்து பின்தங்கி, கதிர் ஒரே நேரத்தில் வராமல், அறுவடையில் பச்சை நெல்லும் பழுத்த நெல்லும் கலந்து நிற்கும்.

அடுத்து யூரியா. இதற்குத்தான் இலை வண்ண அட்டை. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கோ ஆறோ பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஜப்பானில் முதலில் வந்த முறை இது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெப்ப மண்டல நெல்லுக்கு ஏற்றபடி மாற்றியது, அதை நம் பல்கலைக்கழகம் நம் ரகங்களுக்குச் சோதித்துப் பரிந்துரையாக வைத்திருக்கிறது. இலையின் பச்சை, இலையில் உள்ள தழைச்சத்தோடு நெருங்கிப் போகும் என்பதுதான் அடிப்படை. மண்ணிலிருந்து வந்தது, உரத்திலிருந்து வந்தது, பாசனத் தண்ணீரில் வந்தது என எல்லாம் சேர்ந்து பயிருக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதை இலை காட்டிவிடுகிறது. சோதனைக்கூடத்தால் சொல்ல முடியாதது இதுதான்.

பார்க்கும் முறையில் கவனம் வேண்டும், அவசரமாகப் பார்த்தால் அட்டை பொய் சொல்லும். நட்ட 14ஆம் நாளிலிருந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தடவை, கதிர் வரும் வரை பாருங்கள். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே நேரத்தில், அதே ஆள் பார்க்க வேண்டும். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் உங்கள் மகன் என்று மாறினால் கண் மாறும், எண் மாறும். வரப்போரத்தை விட்டுவிட்டு வயலுக்குள் பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து பார்க்கும்போது முழுதாக விரிந்த முதல் இலை, பூச்சியோ நோயோ தொடாத இலை. அதைப் பறிக்காமல் அதன் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்து, உங்கள் உடம்பின் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி நின்று ஒப்பிடுங்கள். வெயில் நேராகப் பட்டால் எண் தவறாக வரும். 3, 4 ஆகிய இரண்டு பட்டைக்கு நடுவில் இருந்தால் மூன்றரை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற நடவு ரகங்களுக்கு 4 என்பது எல்லை. உங்கள் சிஆர் 1009க்கு 4. பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ 4க்குக் கீழே இருந்தால் தழைச்சத்து போடும் நேரம் வந்துவிட்டது. இல்லை என்றால் அந்த வாரம் மூட்டையைத் தொட வேண்டாம், அடுத்த வாரம் பாருங்கள். வெள்ளைப் பொன்னியின் இலை இயல்பிலேயே வெளிறியது. அதைப் பக்கத்து வயல் பச்சைக்குக் கொண்டுவர யூரியா போட்டு, கடைசியில் பயிர் சாய்ந்து படுத்த வயல்கள் நிறைய.

அளவு: குறுவையில் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பா, தாளடியில் 30 கிலோ. ஐந்து கிலோ வித்தியாசம் எதற்கு என்றால், மழைக்காலத்தில் மேகமூட்டம். வெயில் குறைந்தால் பயிர் தழைச்சத்தை மணியாக மாற்றும் திறனும் குறைகிறது. மிச்சம் இலையாகத்தான் போகும், இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் தீனி. 30 கிலோ என்பது ஏக்கருக்கு 12 கிலோ, அதாவது 26 கிலோ யூரியா. மாக் கணக்கில் ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் சொன்ன ஒரு மூட்டை, 45 கிலோ, இதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. ஒரே தடவையில் அவ்வளவு வேண்டாம். நெல் தன் வேரால் எடுத்துக்கொள்வது போடுகிற யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஐந்தில் இரண்டு பங்கு. மற்றது ஆவியாகவும் வடிகாலிலும் போகிறது. தூவிய யூரியா சில நாளில் அம்மோனியமாக மாறும். மேலே தண்ணீரில் பாசி படர்ந்திருந்தால் உச்சி வெயிலில் அந்தத் தண்ணீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியா காற்றில் கலந்துவிடும். அதனால் களை எடுத்த பிறகு, தண்ணீரை வடித்து ஒரு விரல்கடை மட்டும் விட்டு, இலையில் பனி காய்ந்ததும் தூவுங்கள். மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். மழை வரும் என்று வானம் சொன்னால் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், அந்த இரண்டு நாளில் பயிர் கெட்டுப்போகாது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 பங்கில் கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுவது பழைய பரிந்துரை. இப்போது வரும் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருந்தாலும், ஜிப்சத்தில் வரும் கந்தகத்துக்காக நான் இன்னும் அதைச் சொல்கிறேன்.

ஏக்கருக்குத் தழைச்சத்துக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். டிஏபியில் 9 கிலோ போய்விட்டது. இலை வண்ண அட்டை நான்கு தடவை ‘போடு’ என்று சொன்னால் 48 கிலோ. மொத்தம் 57. பொதுப் பரிந்துரையான 60க்குப் பக்கத்தில்தான் வருகிறது. மூன்று தடவையோடு நின்றால் 45. அந்தக் குறைவு உங்கள் மண் தானாகக் கொடுத்ததால் வருவது. இலை வண்ண அட்டை உரத்தைப் பாதியாகக் குறைக்கும் மந்திரம் இல்லை. பயிர் பசித்திருக்கும்போது போடவும், பசியில்லாதபோது சும்மா இருக்கவும் அது சொல்லும், அவ்வளவுதான். ஆனால் நெல்லில் பாதி நஷ்டம் நேரம் தப்பிப் போடுவதால் வருகிறது என்பது என் அனுபவம்.

அட்டை ஏமாற்றும் இடங்களும் உண்டு. துத்தநாகக் குறை, கறுத்த வேர், துங்ரோ நோய் இவற்றிலும் இலை வெளுக்கும், அட்டை 3 காட்டும். அதை நம்பி யூரியா போட்டால் பணம் சேற்றில். அதனால்தான் வேரையும் கீழ் இலையையும் முதலில் பார்க்கச் சொன்னேன். இந்த வாரம் உங்கள் வரிசை: துத்தநாக அடையாளம் இருந்தால் முதலில் தெளிப்பு, கூடவே இலை 4க்குக் கீழே என்றால் 26 கிலோ யூரியா. துத்தநாக அடையாளம் இல்லாமல் சீராக வெளுத்திருந்தால் யூரியா மட்டும். வேர் கறுத்திருந்தால் வடிகாலுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கதிர் உருவாகும் பருவத்தில் போடும் மேலுரம் எல்லாவற்றிலும் முக்கியம், அதை நாள் கணக்கில் போடாதீர்கள். சிஆர் 1009 நீண்ட கால ரகம். நட்டு 55, 60 நாள் வாக்கில் தண்டு உருளத் தொடங்கியதும் நல்ல கெட்டியான ஒரு தாய்த்தூரைப் பிடுங்கி, வேருக்கு மேலே பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கடைசிக் கணுவுக்கு மேலே, உள்ளே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக, லேசாக மயிர் போல நுனியோடு ஒரு முனை தெரிந்தால் அதுதான் பூங்கதிர். நாலைந்து குத்தில் பார்த்து, பாதிக்கு மேல் தெரிந்தால் அன்றைக்கு இலை வண்ண அட்டையையும் வைத்துப் பார்த்து யூரியா போடுங்கள். கதிரில் எத்தனை மணி என்பது அந்த நாட்களில்தான் முடிவாகிறது.

அதே நாளில் பொட்டாஷ். சாம்பல் சத்து 310, ‘அதிகம்’ (280க்கு மேல்) என்பதால் பொட்டாஷே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: வைக்கோலை என்ன செய்கிறீர்கள்? ஒரு டன் நெல் விளைய ஏறக்குறைய 15 கிலோ பொட்டாசியம் பயிருக்குள் போகிறது, அதில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. முன்பு களத்து மாட்டுக்குப் போன வைக்கோல் எருவாக வயலுக்குத் திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம் போன மறுநாளே கட்டு கட்டும் இயந்திரம் வந்து, லாரியில் ஏற்றி வெளியூருக்கும் கேரளாவுக்கும் போய்விடுகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் எடுத்தால் வருஷத்துக்கு 25 கிலோ அளவுக்குப் பொட்டாசியம் லாரியேறுகிறது. மண்வள அட்டையின் 310 ஹெக்டேர் கணக்கு, ஏக்கருக்கு 125. மூன்று வருஷம் கழிந்துவிட்டது. களி மண் தன் உள்ளிருப்பிலிருந்து மெதுவாக விடுவதால் நேராகக் கழித்துப் பார்க்க முடியாது, ஆனால் ‘அதிகம்’ என்பது இன்னும் அதிகம்தானா என்பது சந்தேகம். வைக்கோலை விற்றிருந்தால் ஏக்கருக்கு 17 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ், பரிந்துரையில் பாதி, இந்தப் பருவத்தில் போடுங்கள். வைக்கோல் வயலிலேயே மக்கியிருந்தால் விட்டுவிடலாம்.

பச்சையத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டர் என்ற கருவியும் உண்டு. இலையைக் கவ்விப் பிடித்தால் எண் காட்டும். நெல்லில் 35, 37 வாக்கில் எல்லை வைத்திருக்கிறார்கள். கண்ணை நம்புவதைவிடத் துல்லியம், ஆனால் விலை அதிகம். உழவர் குழுவாக வாங்கினால் சரி, மூன்று ஏக்கருக்குத் தனியாக வேண்டியதில்லை. இலையைப் பறித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் முறை நெல்லைவிடப் பல ஆண்டுப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும்தான் நன்றாக உதவும், அங்கே முடிவு வரும் வரை காத்திருக்க நாள் இருக்கிறது. தென்னைக்குப் பதினான்காவது மட்டை, வாழைக்கு மேலிருந்து மூன்றாவது இலை, கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு இலைக்காம்பு என்று ஒவ்வொன்றுக்கும் எந்த இலை, எந்தப் பருவம் என்ற கணக்கு உண்டு. இலை மாறினால் முடிவும் மாறும்.

உங்கள் வயலைப் பற்றி எந்த அட்டையும் சொல்லாத ஒன்றை நீங்களே கண்டுபிடிக்கலாம். வயலுக்குள், வரப்பை விட்டுத் தள்ளி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு பாத்தி. சுற்றிலும் சின்ன வரப்பு, தழைச்சத்து உரம் ஒரு மணிகூட விழக் கூடாது. இந்த வருஷம் டிஏபி போட்டுவிட்டதால் முழுச் சோதனை ஆகாது, அடுத்த சம்பாவுக்குச் செய்யுங்கள், மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுங்கள். அறுவடையில் அந்தப் பாத்தியைத் தனியாக அறுத்து, அடித்து, காயவைத்து எடை போட்டு 160ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எவ்வளவு என்று வரும். ஒன்பது கிலோ வந்தால் ஏக்கருக்கு 1,440 கிலோ. அது உங்கள் மண் சும்மா கொடுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 40 முதல் 50 கிலோ தழைச்சத்து தேவை என்பது பல நாடுகளில் சோதித்த கணக்கு. இரண்டரை டன் வேண்டும் என்றால் இன்னும் ஒரு டன் சொச்சம், அதற்கான உரம். பெர்மாங்கனேட் சோதனையைவிட இந்தப் பாத்தியை நான் அதிகம் நம்புவேன்.

மண் பரிசோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், வயல் காய்ந்து கிடக்கும்போது எடுங்கள். உங்கள் பெயரில் வந்த பழைய அட்டை உங்கள் வயலின் மண்ணிலிருந்துதான் வந்ததா என்பதே உறுதியில்லை. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்றுதான் எடுத்தார்கள். அது ஏறக்குறைய ஒரு வேலி, ஆறு ஏக்கருக்கும் மேல். உங்கள் மூன்று ஏக்கருக்கு நீங்களே எடுங்கள், மேடும் பள்ளமும் இருந்தால் இரண்டு மாதிரி. மேல் சருகை ஒதுக்கிவிட்டு, ‘V’ வடிவத்தில் 15 செண்டிமீட்டர் ஆழம் வெட்டி, அந்தச் சரிவின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடம். வரப்போரம், வாய்க்கால் ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் கூடாது. துத்தநாகமும் பார்ப்பதால் இரும்பு வாளி, தகரம் வேண்டாம், பிளாஸ்டிக் வாளி, மூங்கில் குச்சி போதும். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிர் எதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு ஏக்கரில் 15 செண்டிமீட்டர் ஆழ மண் ஒன்பது லட்சம் கிலோ. மணிச்சத்து பார்க்க அதிலிருந்து கடைசியில் தராசில் விழுவது இரண்டரையோ ஐந்தோ கிராம். வரப்போரம் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் அந்த ஐந்து கிராம் வரப்பைப் பற்றித்தான் பேசும்.

முடிவு வந்ததும் துத்தநாகம் இன்னும் குறைவாக இருந்தால் அடுத்த நடவுக்கு முன், பரம்படித்த பிறகு, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுங்கள், டிஏபியோடு மட்டும் சேர்க்க வேண்டாம். மணிச்சத்து இன்னும் 22க்கு மேலே நின்றால் அடியுர டிஏபியைப் பாதியாக்குங்கள்.

நாளைக் காலையில் பத்துக் குத்தின் இலை எண், கழுவிய வேரின் நிறம், கீழ் இலையில் துருப் புள்ளி உண்டா இல்லையா, வைக்கோல் எங்கே போனது, இந்த நான்கையும் எழுதுங்கள். அதற்குள் கடையில் எதையும் வாங்கிவிடாதீர்கள்.